செட் விழுந்தும் தோற்பது எப்படி: பாட்-லிமிட் ஓமாஹா போக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையில் எல்லோருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டுகள், அதாவது ஃப்ளாப்: ஸ்பேடு ஒன்பது, ஸ்பேடு எட்டு, டைமன் இரண்டு. இன்னும் இரண்டு வர வேண்டும்: டர்ன், பிறகு ரிவர். உங்கள் கையில் ஆர்ட்டின் ஒன்பது, டைமன் ஒன்பது, கூடவே கிளாவர் கிங், கிளாவர் நான்கு. மூன்று ஒன்பது சேர்ந்து செட் ஆகிவிட்டது. இந்த நிமிடத்தில் இதைவிடப் பெரிய சீட்டு யாரிடமும் இருக்க வழியில்லை. எதிரில் இருப்பவரிடம் ஸ்பேடு ஜாக், ஸ்பேடு பத்து, ஆர்ட்டின் ஏழு, டைமன் ஆறு. ஒரு ஜோடிகூட இல்லை. இரண்டு பேரும் முழுப் பணத்தையும் நடுவில் தள்ளிவிட்டார்கள். யார் ஜெயிப்பார்?

இன்னும் வெளிப்படாத சீட்டுகள் 41. அவற்றில் 24 சீட்டுகளில் எது அடுத்து வந்தாலும் அவர் உங்களைத் தாண்டிவிடுவார். ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) தருபவை 20, ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) மட்டும் தருபவை 4. உங்களுக்கு அவற்றையும் வெல்லும் ஃபுல் ஹவுஸோ (ஒரே எண்ணில் மூன்று, கூடவே ஒரு ஜோடி) நான்கு ஒன்பதோ தரக்கூடியவை 7. மீதி 10 சீட்டுகளால் எந்த மாற்றமும் இல்லை. கடைசிச் சீட்டு வரை எல்லா வழிகளையும் எண்ணினால், நூற்றுக்கு ஏறத்தாழ 61 முறை ஜோடிகூட இல்லாத அவர்தான் பணத்தை அள்ளிக்கொண்டு போவார்.

ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடிப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். அங்கே கையில் இரண்டே சீட்டு. ஓமாஹாவில் நான்கு, அவற்றில் சரியாக இரண்டை மேசையின் மூன்றோடு சேர்க்க வேண்டும். நான்கிலிருந்து இரண்டை ஆறு விதமாக எடுக்கலாம் என்பதால், எதிராளியிடம் ஆறு ஹோல்டெம் கைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது முன்னால் இருப்பது வேறு, கடைசியில் ஜெயிப்பது வேறு. இந்த ஆட்டத்தின் பெரிய தவறுகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

முதல் தவறு, செட்டைப் பதுக்குவது. ‘செக்’ சொல்லிவிட்டு, அதாவது பணம் கட்டாமல் விட்டுவிட்டு, எதிராளி தானாக வந்து மாட்டுவார் என்று காத்திருக்கும் தந்திரம், ஸ்ட்ரெயிட்டுக்கோ ஃப்ளஷ்ஷுக்கோ இடம் தராத காய்ந்த மேசையில் சில நேரம் பலிக்கும். ஒன்பது, எட்டு, இரண்டு ஸ்பேடு என்று ஈரமாகக் கிடக்கும் மேசையில் அது இலவசமாக ஒரு சீட்டைத் தானம் செய்வது. மேலே சொன்ன 24 சீட்டு எதிராளி அரிதானவர். பெரும்பாலோரிடம் வெறும் ஃப்ளஷ் வாய்ப்போ சின்ன ஸ்ட்ரெயிட் வாய்ப்போதான் இருக்கும். ஒன்பது ஸ்பேடுகளை மட்டும் நம்பி இருப்பவருக்கு அடுத்த சீட்டில் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. பாட் (நடுவில் குவிந்திருக்கும் பணம்) அளவுக்குக் கட்டப்பட்ட பணத்துக்குக் கால் சொல்ல, அதாவது அதே தொகையைப் போட, மூன்றில் ஒன்று தேவை. அவரிடம் விலை கேளுங்கள், கொடுக்கட்டும்.

அப்படியானால் அந்த அரிதான எதிராளியிடம் என்ன செய்வது? அவர் கட்டியதே உங்கள் கடைசிப் பணம் என்றால், கால்தான். உங்களுக்கு 39 சதவீதம் இருக்கிறது, தேவை 33. தோற்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தும் கட்டுவது சரியாக இருக்கும் இடம் அது. இதை ஜீரணிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

ஆனால் பின்னால் நிறையப் பணம் மீதமிருந்தால் கதையே வேறு. பாட்-லிமிட் என்ற பெயரைக் கேட்டு, ஒரு முறைக்குப் பாட் அளவு வரைதான் கட்டலாம் என்ற வரம்பு இருக்கிறது, ஆபத்து குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. ஃப்ளாப்பில் நடுவில் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 10 கட்ட, மற்றவர் கால் சொன்னால் 30. டர்னில் அதே போல ஆனால் 90. ரிவரில் 270. ஃப்ளாப்பில் யோசிக்காமல் போட்ட பத்து ரூபாய் கடைசியில் 130 ரூபாய்க்கு இழுத்துச் செல்கிறது. கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது நடுவில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமல்ல, இரண்டு பேரில் குறைந்த பணம் வைத்திருப்பவரிடம் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதையும்.

இங்கேயே இன்னொரு கணக்கு. மேசையில் ஒன்பது, எட்டு, ஏழு. உங்களிடம் மூன்று ஒன்பது. எதிராளி ஸ்ட்ரெயிட் அடித்துவிட்டார் என்பது அவர் பணம் கட்டும் வேகத்திலேயே தெரிகிறது. இரண்டு சீட்டுகளும் பார்க்க முடிந்தால் உங்களுக்கு ஃபுல் ஹவுஸோ அதற்கு மேலோ சேர ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு. ஆகவே பணம் ஃப்ளாப்பிலேயே தீர்ந்துவிடுமானால் பாட் அளவுக் கால் நட்டமில்லை. ஆனால் டர்னில் மறுபடி கட்டுவார் என்றால், ஃப்ளாப் கால் வாங்கித் தருவது ஒரே ஒரு சீட்டு. அதில் வாய்ப்பு 16 சதவீதத்துக்கும் குறைவு. டர்னும் வீணானால் மீதமிருப்பது 23 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே பாட் அளவுப் பணத்துக்குக் கால் சொல்பவர் 35 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்.

ஏஸ் ஜோடி தனி வியாதி. நாற்பது தடவை சீட்டுப் போட்டால் ஒரு தடவைதான் வருகிறது. ஆகவே வந்ததும் தலைகால் புரிவதில்லை. கூடவே ஒரே இனச் சீட்டோ வரிசைச் சீட்டோ இல்லாத இரண்டு ஏஸ், ஃப்ளாப்புக்கு முன் பாதிப் பணத்தையாவது உள்ளே போட முடிந்தால் அருமை. பத்தில் ஒரு பங்குதான் போட முடியும் என்றால், பலமுறை ரெய்ஸ் செய்து (தொகையை உயர்த்தி) உங்களிடம் ஏஸ் இருப்பதை ஊருக்கே அறிவித்துவிடுகிறீர்கள். ஃப்ளாப்பில் மூன்றாவது ஏஸ் விழுவது எட்டில் ஒரு முறை. மற்ற ஏழு முறை எதிராளிக்கு உங்கள் சீட்டு தெரியும், உங்களுக்கு அவருடையது தெரியாது.

ஃப்ளஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஏஸ் இல்லாத ஃப்ளஷ்ஷை மூன்று சுற்றும் பாட் அளவுக்குக் கட்டிக்கொண்டே போனால், கடைசிவரை கால் சொல்பவரிடம் பெரும்பாலும் அந்த ஏஸ் இருக்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பலமாகத் தோன்றும் பொறி. மேசையில் ஸ்பேடு எட்டு, ஸ்பேடு ஏழு, டைமன் ஆறு. உங்களிடம் கிளாவர் பத்து, டைமன் ஒன்பது. மற்ற இரண்டும் உதவாதவை. இருப்பதிலேயே பெரிய ஸ்ட்ரெயிட். எதிராளியிடம் ஸ்பேடு பத்து, ஸ்பேடு ஒன்பது. அவருக்கும் அதே ஸ்ட்ரெயிட்தான். நீங்கள் பாட் அளவுக்குக் கட்டுகிறீர்கள், அவர் ரெய்ஸ் செய்கிறார், நீங்கள் முழுவதையும் தள்ளுகிறீர்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 40 முறை ஸ்பேடு விழுந்து அவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். மற்ற 60 முறை பாதிப் பாதி. நீங்கள் முழுதாக ஜெயிப்பது கிட்டத்தட்ட ஒருபோதும் இல்லை. மேலே வளர வழியில்லாத இப்படிப்பட்ட ஸ்ட்ரெயிட்டோடு, பின்னால் பணம் குவிந்திருக்கும்போது, அவருடைய ரெய்ஸுக்கு மறு ரெய்ஸ் வேண்டாம். கால் சொல்லி டர்னைப் பாருங்கள். ஸ்பேடு விழுந்து அவர் பாட் அளவுக்குக் கட்டினால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடலாம். போனது ஃப்ளாப்பில் கட்டியது மட்டும்.