வீட்டு நெட் ஸ்பீடை சரியா அளக்குறது எப்படி

தென்னாப்பிரிக்காவுல டர்பன் சிட்டியில இருக்குற சாட்ஸ்வர்த்ல அக்கா வீட்டுக்கு 200 எம்பிபிஎஸ் ஸ்பீடுல ஃபைபர் நெட் போட்டாங்க, ஆனா எத்தனை தடவ டெஸ்ட் எடுத்தாலும் 94க்கு மேல ஏறவே இல்ல, கம்பெனிக்கு போன் போட்டு போட்டு அக்கா ஓஞ்சே போச்சு, கடைசியில நான் போய் பாத்தா லேப்டாப்போட லேன் போர்ட்டே, அதாவது நெட் கேபிள் சொருகுற இடமே, 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். அதுல அவ்வளவுதான் வரும்! கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள லேப்டாப்ப மாத்திப் போட்டதும் 190ஐத் தாண்டுச்சு.

அதனால மொதல்ல வைஃபைய விடுங்க. கேட் 5இ வகை, இல்லன்னா அதுக்கு மேலான நெட் கேபிள ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு நேரா சொருகுங்க. டிவி, மத்த போனு, கேமரா எல்லாத்தையும் நெட்ல இருந்து எடுத்துருங்க, விபிஎன் (நெட்ட வேற சர்வர் வழியா சுத்தி அனுப்புற ஆப்) இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க.

டெஸ்ட் எடுக்குற சர்வர் பக்கத்துல இருக்கணும், அக்கா வீட்டுக்குன்னா டர்பன்லயோ ஜோகன்னஸ்பர்க்லயோ. லண்டன் சர்வர எடுத்தா கடலுக்கடியில கேபிள்ல அவ்வளவு தூரம் போயிட்டு வரணும், பிங், அதாவது போயிட்டு வர்ற நேரம், 100 மில்லிசெகண்டத் தாண்டிரும், அது உங்க லைனோட குத்தம் இல்ல.

ஒரே ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க ப்ளீஸ். விடியக்காலைல மூணு, ராத்திரி எட்டு மணி வாக்குல மூணு எடுத்து, ஒவ்வொரு நேரத்து மூணுலயும் பெருசும் இல்லாம சிறுசும் இல்லாம நடுவுல வர்ற நம்பர எழுதிக்கோங்க. ராத்திரி மட்டும் இறங்குச்சுன்னா நிறைய பேரு ஒரே நேரத்துல நெட் யூஸ் பண்ற நெரிசலா இருக்கலாம், ரெண்டு நேரமும் கம்மின்னா லைன், ரவுட்டர் ரெண்டையும் பாக்கணும்.

இன்னொன்னு, எம்பிபிஎஸ்ங்கிறது மெகாபிட். டவுன்லோட்ல தெரியிறது பெரும்பாலும் மெகாபைட், அதனால எட்டால வகுங்க, 100க்கு 12.5தான் வரும்.