ஒற்றைத் தலைவலியை வலிக்கு முன்பே அடையாளம் காண்பது எப்படி?

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி, தலை வலிக்கத் தொடங்கும்போதுதான் தொடங்குகிறது என்று எண்ணிவிட வேண்டாம். சில மணி நேரத்திற்கு முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள்களுக்கு முன்பே, அடுக்கடுக்கான கொட்டாவி, கழுத்து இறுக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், இனிப்பின் மீது திடீர் நாட்டம் என உடல் அறிவித்துவிடுகிறது. பலரும் கோட்டைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். சாக்லேட் தின்றதால் வலி வந்தது என்று நம்புபவருக்கு, அந்த ஆசையே ஏற்கெனவே தொடங்கிவிட்ட மைக்ரேனின் அறிகுறியாக இருந்திருக்கலாம். தலையணையைக் குறை சொல்பவரின் கழுத்துவலியும் அப்படியே.

அடுத்து வரும் ‘ஆரா’ என்னும் கட்டம் எல்லோருக்கும் வருவதில்லை. பார்வையில் கோணல்மாணலான ஒளிக்கோடுகள் மினுங்கியபடி மெல்ல விரியும். விரல்களில் தொடங்கும் மரமரப்பு கைவழியே ஏறி முகம் வரை பரவும். சிலருக்குப் பேச்சு தடுமாறும். ஒவ்வோர் அறிகுறியும் பொதுவாக 5 முதல் 60 நிமிடங்கள் நீடிக்கும். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஒரு மின்மாற்ற அலையே இதற்குக் காரணம் என்பதால், இவை படிப்படியாகப் பரவுகின்றன. இதே போன்ற அறிகுறிகளைத் தரும் பக்கவாதமோ பெரும்பாலும் நொடியில் தாக்கும். ஆனாலும் இத்தகைய அறிகுறி முதன்முறையாக வந்தால், நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலிக்கட்டம் மருந்தில்லாவிட்டால் பெரியவர்களுக்கு 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். ‘ஒற்றை’ என்ற பெயர் இருந்தாலும் இருபுறமும் வலிக்கக்கூடும். நாடித்துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிப்பதும், படியேறினால்கூட அதிகரிப்பதும், குமட்டலும், வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க முடியாமையும் இதன் அடையாளங்கள். வலி தணிந்த பின் ஓரிரு நாள் சோர்வும் கவனக் குறைவும் தொடரலாம்.

மருத்துவர் தந்த மாத்திரையை வலி லேசாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டால்தான் நன்கு பலன் தரும். ஆயினும் மைக்ரேனுக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரைகளை மாதத்தில் 10 நாள்களோ அதற்கு மேலோ, பாராசிட்டமால் போன்றவற்றை 15 நாள்களோ அதற்கு மேலோ எடுப்பது மாதக்கணக்கில் தொடர்ந்தால், மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கக்கூடும். எனவே கொட்டாவி தொடங்கிய நேரம் முதல் மாத்திரை எடுத்த நேரம் வரை ஒரு நோட்டில் குறித்துவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். சட்டென்று உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கூடிய கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், 50 வயதுக்குப் பின் புதிதாக வரும் தலைவலி ஆகியவற்றை மைக்ரேன் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இவற்றில் முதல் மூன்றும் அவசர சிகிச்சைக்கு உரியவை.