'போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால்

வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒரு வரிக்காக நல்ல வேலையைக் கைவிட வேண்டாம். கையெழுத்துப் போடும் முன், அதே ஒப்பந்தத்தில் ரூபாய்த் தொகை குறிப்பிட்டிருக்கும் வரிகளைத் தேடிப் படியுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

காரணம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லாது என்கிறது அதன் 27ஆவது பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் தடை செல்லாது என்றே சொன்னது. ஆனால் பாண்டு, அதாவது குறிப்பிட்ட காலம் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்கும் உறுதி, வேறு. குறைந்தது மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும், இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் தொகையையும் காலத்தையும் குறைக்கச் சொல்லித் தயங்காமல் பேசுங்கள், கையெழுத்துக்கு முன்புதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

வேலையில் இருக்கும்போதே போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்தால் 27ஆவது பிரிவு காப்பாற்றாது. பழைய நிறுவனத்தின் ரகசியத் தகவல்களை எடுத்துப் போனாலும் அப்படித்தான். தொழிலை நற்பெயரோடு சேர்த்து விற்பவர் மீதான தடை செல்லுபடியாகலாம், அதற்குச் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. அப்புறம், இது இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூரில் நியாயமான அளவில் உள்ள தடையை நீதிமன்றம் ஏற்கும், எனவே அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.