லுகாண்டால எண்ண கத்துக்கறப்போ நம்மாளுங்க சறுக்குற இடங்கள்

உகாண்டா தலைநகர் கம்பாலாவுக்கு வேலைக்கு போறவங்க, அங்க பேசற லுகாண்டா மொழியோட எண்களை முதல் வாரமே ஒரு பேப்பர்ல எழுதி வச்சு மனப்பாடம் பண்ணிடுவாங்க: எமு, ப்பிரி, ஸ்ஸத்து, ன்ன்யா, த்தானோ, முகாக, முஸன்வு, முனான, ம்வெண்ட, க்குமி. 1ல இருந்து 10 வந்துடுச்சுன்னு சந்தோஷமா மார்க்கெட்டுக்கு போனா, கடைக்காரம்மா சொல்ற "ரெண்டு" இந்த லிஸ்ட்லயே இருக்காது.

ஏன்னா இந்த லிஸ்ட் சும்மா வாய்விட்டு எண்றதுக்கும் மாடு மாதிரி ஒரு வகை பேர்ச்சொல்லுக்கும்தான் அப்படியே பொருந்தும். லுகாண்டால பேர்ச்சொல் எல்லாம் வகை வகையா பிரிஞ்சிருக்கு, எதை எண்றீங்களோ அதோட வகைக்கு ஏத்த மாதிரி எண்ணோட தலை, அதாவது முன்னாடி ஒட்டுற எழுத்து, மாறும். ரெண்டு மாடுன்னா என்தெ ப்பிரி, ரெண்டு ஆளுன்னா அபான்து பபிரி, ரெண்டு புத்தகம்னா எபித்தபோ பிபிரி, ரெண்டு மரம்னா எமித்தி எபிரி, ரெண்டு முட்டைன்னா அமஜி அபிரி. எண் எப்பவும் பேர்ச்சொல்லுக்கு அப்புறம்தான் வரும், அதையும் கவனிங்க. நம்ம தமிழ்லயும் ஆளுன்னு வந்தா இருவர், மூவர்னு தனி வடிவம் இருக்குல்ல, அங்க ஆளு, மரம், முட்டை எல்லாத்துக்குமே அப்படித்தான்னு நினைச்சுக்கோங்க, பயம் போயிடும். அதனால எண்ணை தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, தினம் ஒரு பொருளை கையில எடுத்து அதோட சேர்த்து அஞ்சு வரைக்கும் சொல்லி பழகுங்க.

அஞ்சு வரைக்கும்னு ஏன் சொல்றேன்னா, மாறுறது 1ல இருந்து 5 வரைதான். 6ல இருந்து 10 எதுக்கும் அசையாது, அபான்து முகாக, எபித்தபோ முகாக, அவ்வளவுதான். விதியை புதுசா கத்துக்கிட்ட ஆர்வத்துல "பமுகாக"ன்னு அதுக்கும் ஒரு தலைய ஒட்டி விடுறவங்க நிறைய பேர். அதே சமயம் 12 பேர்னு வந்தா அந்த கடைசி ரெண்டு மறுபடி மாறும்: அபான்து க்குமி ன பபிரி.

இன்னொன்னு, இதுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா கணக்கு பத்து மடங்கு ஏறிடும். அபான்து பபிரின்னா 2 பேர், அபான்து அபிரின்னா 20 பேர். 20க்கு முழு வடிவம் அமகுமி அபிரி, அதாவது "பத்துகள் ரெண்டு", பேச்சுல சுருக்கி அபிரின்னு சொல்லிடுவாங்க. முட்டைக்கு 2ன்னாலே அபிரிதான், அதனால 20 முட்டை வேணும்னா அமகுமியை விழுங்காம முழுசா சொல்லிடுங்க.

11ல இருந்து 19 வரை நடுவுல "ன" வரும், 12ன்னா க்குமி ன ப்பிரி. ஆனா 20 தாண்டினா அது "மு" ஆயிடும், 22ன்னா அபிரி மு ப்பிரி. இங்கயும் "ன"வையே போட்டு ஓட்டாதீங்க.

10 வரை போதும்னு நிறுத்திடறதும் பெரிய தப்பு. உகாண்டா ஷில்லிங்ல சின்ன நோட்டே 1000, அதனால நூறும் ஆயிரமும் இல்லாம தக்காளி கூட வாங்க முடியாது. 100 கிகுமி, 500 பித்தானோ, 1000 லுகுமி, 2000 என்குமி ப்பிரி, 10,000க்கு ஒமுத்வாலோ. எனக்கு இந்த மொழில ரொம்ப பிடிச்ச இடமே இதுதான், 6 முகாக, 60 ன்காக, 600 லுகாக, 6000 ககாக, வேர் அப்படியே நிக்குது, தலை மாற மாற பூஜ்யம் ஏறிக்கிட்டே போகுது! 7க்கும் அதே மாதிரி முஸன்வு, ன்ஸன்வு, லுஸன்வு, கஸன்வு. 8க்கும் 9க்கும் மட்டும் 60, 70 மாதிரி வராம 80 கினான, 90 ச்யெண்ட. அவசரத்துல வாலை மட்டும் கேட்டுட்டு தலையை விட்டா 600ஆ 6000ஆன்னே தெரியாது, காசை நீட்டுறதுக்கு முன்னாடி தலையை கேளுங்க.

உச்சரிப்புல நம்மள மாட்டி விடுறது நம்ம எழுத்துதான். முகாகன்னு தமிழ்ல எழுதி வச்சா நம்ம வாய் "முஹாஹா"ன்னு இழுக்கும். அங்க முதல் க காதுல வர்ற க மாதிரி அழுத்தம், ரெண்டாவது கேஸ் சிலிண்டர்ல வர்ற கே மாதிரி, கடைசில குறில். ப்பிரில வர்றது பஸ்ஸோட ப, அதுவும் உதட்டை ஒரு நொடி மூடி வச்சு திறக்கணும். நமக்கு பக்கம், பப்பாளின்னு நடுவுல அழுத்தி பழக்கம், வார்த்தை ஆரம்பத்துலயே அழுத்தறதுதான் புதுசு. அப்புறம் கி-ன்னு எழுதினாலும் சி பக்கமா சாயும், கிகுமி "ச்சிகுமி" மாதிரிதான் காதுல விழும். அதனால பேப்பரை பார்த்து படிக்கறதை விட யாராவது சொல்ற குரலை போன்ல பதிவு பண்ணி திரும்ப திரும்ப கேளுங்க.

எண்ணெல்லாம் சரியா வந்தும் ஏமாறுற இடம் மணி. லுகாண்டால நேரம் விடியல்ல இருந்து கணக்கு, காலைல 7 மணிதான் ஸ்ஸாவா எமு, அதாவது முதல் மணி. "ஸ்ஸாவா ப்பிரிக்கு வாங்க"ன்னா 2 மணிக்கு இல்ல, காலைல 8 மணிக்கு. ஸ்ஸாவா முகாகன்னா நடுப்பகல் 12. சொன்ன எண்ணோட 6ஐ கூட்டிக்கோங்க. சாயங்காலம் 7 மணிக்கு மறுபடி ஸ்ஸாவா எமுல இருந்து ஆரம்பிக்கும், அதனால யாராவது நேரம் சொன்னா காலையா ராத்திரியான்னு அங்கயே நின்னு கேட்டுட்டு வாங்க.