பட்ஜெட்ல துண்டு விழுந்தா உடனே திட்டாதீங்க

திருப்பூர்ல ஆர்டர் கொறஞ்சா மொதல்ல தெரியறது டீக்கடைலதானுங்க. சாயந்திரம் ஓவர்லாக் டெய்லரும் செக்கிங் பொண்ணுகளும் நிக்கற எடம் பாதி காலியா கெடக்கும், ஓவர்டைம் போச்சுன்னா சனிக்கிழமை கூலி சுருங்கும், மளிகைக்கடை செருப்புக்கடைன்னு எல்லாத்துலயும் யாவாரம் படுக்கும், அதோட ஜிஎஸ்டியும் எறங்கும், மொதலாளிக்கு லாபம் கொறஞ்சா வருமான வரியும் எறங்கும். யாரும் சட்டத்தை மாத்தலைங்க, தானா நடக்குது.

இப்படி வரி கொறைஞ்சாலே அரசாங்கத்தோட வரவை விட செலவு மிஞ்சும், அதான் பற்றாக்குறை. அதனால அது கூடுனாலே ஊதாரித்தனம்னு முடிவு பண்றதுதான் பெரிய தப்பு. கொரோனா வந்த 2020-21ல மத்திய அரசோட பற்றாக்குறை ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புல, 3.5 சதவீதம்னு பட்ஜெட்ல போட்டாங்க, முடிவுல 9 சதவீதத்தைத் தாண்டுச்சு. வரி வரலை, செலவு ஏறுச்சு, ஜிடிபியே சுருங்குனதால சதவீதம் இன்னும் பெருசாத் தெரிஞ்சுது.

தானா நடக்கறதையும் அறிவிச்சு செய்யறதையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. அந்த வருஷம் ரேசன்ல குடுத்த இலவச அரிசி புதுசா எடுத்த முடிவு. 100 நாள் வேலை அப்படியில்ல, கேட்டு வந்தவங்களுக்கு வேலை குடுக்கணும்னு சட்டமே இருந்துச்சு, 61,500 கோடின்னு ஒதுக்குனது 1 லட்சம் கோடிக்கு மேல போச்சு.

எக்ஸ்போர்ட் படுத்தா ஜிஎஸ்டி நேரா கொறையும்னு நெனைக்கறதும் தப்புங்க. ஏத்துமதிக்கு ஜிஎஸ்டி இல்ல, கட்டுன வரியையும் ரீபண்டா வாங்கிக்கலாம், அடி விழறது நான் மேல சொன்ன கடைவீதி வழியாத்தான்.

"வருமானம் கொறஞ்சா ஊட்ல செலவைக் கொறைக்கறமல்ல, அரசாங்கமும் கொறைக்கட்டும்"ங்கறாங்க பாருங்க, இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குது. ஊட்ல கொறைச்சா ஊடு தப்பிக்கும். எல்லா ஊடும் கொறைச்ச நேரத்துல அரசாங்கமும் கொறைச்சா அந்த டெய்லருக்கு ரெண்டாவது அடி.

அதே மாதிரி நல்ல வருஷத்துல தானா கூடி வர்ற வரியை நெரந்தரம்னு நம்பி, பின்னால நிறுத்த முடியாத செலவை இழுத்து விட்டுக்கக் கூடாதுங்க, மஞ்சள் நல்ல வெலை போன வருஷம் லோன் போட்டு கார் எடுத்த கதைதான்.

ஆனா வருமானம் கொறைஞ்சா வரியும் தானா கொறையறதே எல்லாத்தையும் காப்பாத்திரும்னும் நம்பாதீங்க. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கெடையாது, சோமனூர்ல தறி ஓட்டறவரும் அந்த வரம்புக்குள்ள வர மாட்டாரு, அதனால வெலை உழுந்தாலும் தறி நின்னாலும் அவங்களுக்குக் கொறையறதுக்கு வருமான வரியே இல்ல.