காருக்கு இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றுவது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ.விடம் முன்அனுமதி வாங்கிய பிறகே மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள். அனுமதியின்றி மாற்றியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.சி.யோடும் கட்டணத்தோடும் தெரிவிக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கும்போதுதான். இன்ஜின் பிளாக்கில் அடித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஓர் எழுத்து பிசகினாலும் வேலை நின்றுவிடும். பணம் கொடுக்கும் முன் எண்ணைத் துடைத்து, மேலே தாள் வைத்து பென்சிலால் உரசிப் பிரதி எடுத்து ஒப்பிடுங்கள். எண்ணைத் தேய்த்த தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருக்கலாம்.

அதே மாடல், அதே எரிபொருள், அதே சி.சி. என்றால் பாதி தலைவலி இல்லை. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் தேவை. புது எண் ஏறியதும் இன்சூரன்ஸிலும் திருத்துங்கள்.