உங்கள் பழைய காசு முன்பு யாரிடம் இருந்தது? ஏலக் கேட்டலாக்கில் தேடும் முறை

1807-08ல் சென்னை நாணயச்சாலையில் அடித்த வெள்ளி அரை வராகன் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் பெருமாள். அது முன்பு யாரிடம் இருந்தது என்று கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

முதலில் எடை. இரண்டு தசமம் வரை காட்டும் தராசில் போடுங்கள். பழைய லண்டன் கேட்டலாக்குகளில் எடை கிரெயினில் இருக்கும். ஒரு கிரெயின் 0.0648 கிராம். காசோடு வந்த கவர், வட்டச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய லாட் எண், அதாவது ஏலத்தில் அந்தக் காசுக்குக் கொடுத்த எண், இருந்தால் அதில்தான் இருக்கும்.

அப்புறம் தேடல். நியூமன் நியூமிஸ்மேட்டிக் போர்ட்டல் என்ற இணையதளத்தில் பழைய கேட்டலாக்குகளை இலவசமாகப் படிக்கலாம். என் முதல் தேர்வு அதுதான். ஆங்கிலத்தில் 'பகோடா' என்று தேடுங்கள், 'வராகன்' என்றால் அதிகம் சிக்காது. நம் ஊர் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளுக்கு, 1982ல் லண்டனில் கிளென்டினிங் நிறுவனம் ஏலம் விட்ட, பிரிட்மோர் என்பவரின் காசுச் சேகரிப்பின் கேட்டலாக் அவசியம். அச்சுப் பிரதி கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இனி நான் சறுக்கிய இடம். ஒரு பழைய கேட்டலாக் படத்தில், என் காசில் உள்ள அதே விரிசல் கோடு. கிடைத்துவிட்டது என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அது காசின் விரிசல் அல்ல, அச்சின் (காசில் உருவம் பதிக்க அடிக்கும் உலோக வார்ப்புருவின்) விரிசல். அந்த அச்சு விரிசல் விட்ட பிறகு அடித்த காசு எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த ஒரு காசுக்கு மட்டுமே உரியதை: விளிம்பின் வடிவம், அச்சு எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது, கீறல்கள். அரை வராகனில் இன்னொரு வசதி உண்டு. பலவற்றை ஸ்பானிய டாலர் என்ற வெள்ளிக் காசின் மேலேயே அடித்தார்கள். என் காசில் கோபுரத்தின் அடியில், ஸ்பானிய மன்னர் பெயரின் இரண்டு எழுத்துகள் சாய்வாக, பாதி நசுங்கித் தெரிகின்றன. அதே சாய்வில் அவை இன்னொரு படத்தில் தெரிந்தபோதுதான் நம்பினேன்.

பின்சேர்க்கை: படத்தில் காசின் நிறம் வேறாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பழைய கேட்டலாக்குகள் பலவற்றில் இருப்பது காசின் படமே அல்ல, அதிலிருந்து எடுத்த பிளாஸ்டர் வார்ப்பின் படம். நிறத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சம் விழும் பக்கத்தையும் அதேபோல் வைத்து ஒப்பிடுங்கள். படமே இல்லாத லாட் என்றால், எடை பொருந்தினாலும் குறிப்பேட்டில் 'இருக்கலாம்' என்று பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.